பாட்டி டென்னிஸ் ஆடின கதையை எப்படிக் கேக்கணும், எதையெல்லாம் கேக்கணும்

உங்க கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்க படிக்கறப்ப புரியும். உங்க பாட்டி 60கள்ல மெட்ராஸ்ல காலேஜ் டீம்ல ஆரம்பிச்சு ஸ்டேட் லெவல், அப்புறம் நேஷனல்ஸ் வரைக்கும் டென்னிஸ் ஆடினவங்க, இப்ப 80 தாண்டியாச்சு. பந்து வெள்ளையா இருக்கும், நடுவுல உக்கார சேர் கிடையாது, ஒரு செட்டு 14-12 வரைக்கும் போச்சு, ஒரே ராக்கெட்டை வருஷக்கணக்கா வச்சிருந்தேன், ஜெயிச்சா ஒரு கப்பு, காசு ஒரு பைசா வராதுன்னு சொல்றாங்க. வீட்ல சின்னப் பசங்க "பாட்டி ரீல் விடறாங்க"ன்னு சிரிக்கறாங்க. இதெல்லாம் நிஜமா, இதை எப்படி எழுதி வைக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

நிஜம்ங்க. நீங்க எழுதினதுல ஒண்ணு கூட மிகையா எனக்குத் தெரியல. நான் சின்ன வயசுலேந்து கிளப் கோர்ட் பக்கமே வளந்தவன், ராக்கெட்டுக்கு கட்டிங், அதாவது நரம்பு கட்டற வேலையும் கொஞ்ச காலம் பாத்திருக்கேன், அந்தத் தலைமுறை அம்மாக்கள் சில பேர் கூட உக்காந்து பேசியும் இருக்கேன். அதனால ஒவ்வொண்ணா சொல்றேன், நீளமாத்தான் போகும்.

ராக்கெட்லேந்து ஆரம்பிப்போம், ஏன்னா மத்த எல்லாமே அதுலதான் வந்து நிக்குது. அப்ப மர ராக்கெட். எடை கிட்டத்தட்ட 370லேந்து 400 கிராம் வரைக்கும் வரும், தலை பாத்தீங்கன்னா 65, 70 சதுர இஞ்ச் அவ்வளவுதான். இன்னிக்கு கடையில வாங்கற ராக்கெட் 300 கிராம் பக்கம் இருக்கும், தலை 100 சதுர இஞ்ச். அதாவது உங்க பாட்டி இப்ப இருக்கறதை விட கனமான ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, அதுல மூணுல ரெண்டு பங்கு இடத்தை வச்சு பந்தை அடிச்சிருக்காங்க. நடுவுல கரெக்டா படலைன்னா கையெல்லாம் அதிரும், பந்து எங்கயோ போகும். அதனாலதான் அந்தக் காலத்து ஆளுங்க ஆட்டத்துல ஸ்லைஸ் (பந்தோட அடிப்பக்கத்தை வெட்டி அடிக்கறது), பிளேஸ்மெண்ட் (இடம் பாத்துப் போடறது), நெட்டுக்கு வந்து பந்து தரையில படறதுக்கு முன்னாடியே வாலி அடிக்கறது இதெல்லாம் அதிகம், இப்ப மாதிரி கோர்ட்டோட பின்கோடான பேஸ்லைன்லேந்து பந்தை முன்பக்கமா சுழல விட்டு டாப்ஸ்பின் போட்டு அறையறது அந்த மரத்தை வச்சு ரொம்பக் கஷ்டம். பழைய வீடியோவைப் பாத்துட்டு "என்ன இவ்ளோ ஸ்லோவா ஆடறாங்க"ன்னு கேக்கற பசங்க கையில ஒரு மர ராக்கெட்டைக் குடுத்து பத்து பந்து ஆடச் சொல்லிப் பாருங்க, அப்புறம் அந்தக் கேள்வியே வராது.

மரம்ங்கறதால ஈரம் பட்டா வளைஞ்சிடும். அதுக்கு ப்ரெஸ்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, மரச்சட்டம், நாலு மூலையிலயும் விங் நட், ஆடி முடிச்சதும் ராக்கெட்டை அதுக்குள்ள வச்சு நாலையும் முறுக்கி வைக்கணும். ஒரு பக்கம் டைட்டா ஒரு பக்கம் லூஸா வச்சா ப்ரெஸ்ஸே ராக்கெட்டைத் திருகிடும். அப்புறம் நரம்பு. நல்ல கட்ங்கறது மாட்டுக் குடல்லேந்தும் ஆட்டுக் குடல்லேந்தும் செய்யறது, தண்ணி பட்டா ஊறி பிரிஞ்சு போயிடும், நம்ம ஊர் மழைக்காலத்துல அதைக் காப்பாத்தறது பெரிய பாடு, அதனால நிறைய பேர் விலை கம்மியா கிடைக்கற நைலானுக்குப் போனாங்க. கட் அந்து போச்சுன்னா மேட்ச் அன்னிக்கு மாத்து ராக்கெட் கிடையாது, எதிர்ல ஆடற பொண்ணுகிட்டயோ கிளப் மார்க்கர்கிட்டயோ கடன் வாங்கி ஆடினதா எங்கிட்ட சொன்ன அம்மாக்கள் உண்டு. உங்க பாட்டிகிட்ட மார்க்கர் பத்தி கண்டிப்பா கேளுங்க. கிளப்புல சம்பளத்துக்கு இருந்து மெம்பர்களோட ஆடிக் குடுக்கறவர்தான் மார்க்கர், கோர்ட்டைப் பராமரிக்கற வேலையும் பல இடத்துல அவர் தலையிலதான். தனியா கோச் வச்சுக்க வசதியில்லாத பொண்ணுங்க பல பேருக்கு முதல் ஃபோர்ஹேண்ட் சொல்லிக் குடுத்தது இவங்கதான், பேர் எந்தப் பேப்பர்லயும் வந்திருக்காது, உங்க பாட்டி மாதிரி ஒருத்தங்க ஞாபகத்துல மட்டும்தான் அவங்க இருக்காங்க.

வெள்ளை பந்து விஷயம் லேசானது. உலக டென்னிஸ் சங்கம் மஞ்சப் பந்தைக் கொண்டு வந்ததே 1972லதான், டிவியில பாக்கறவங்களுக்குத் தெரியணும்னு. விம்பிள்டன்ல மஞ்சப் பந்து வந்தது 1986லதான், அது வரைக்கும் வெள்ளைதான். நம்ம மண் கோர்ட்டு, சாணி மெழுகின கோர்ட்டுல வெள்ளைப் பந்து எவ்வளவு நேரம் வெள்ளையா இருந்திருக்கும்னு பாட்டியையே கேளுங்க.

சேர் கிடையாதுங்கறதும் அப்படியே உண்மை. சைடு மாறறப்ப அம்பயர் பக்கத்துல நின்னபடியே ஒரு வாய் தண்ணி குடிச்சு, துண்டால மூஞ்சியைத் துடைச்சுட்டு அந்தப் பக்கம் போயிடணும். விம்பிள்டன்லயே பிளேயர்ஸுக்கு சேர் போட்டது 1975லதான்.

14-12 செட்டைத்தான் பசங்க முக்கியமா நம்பலைன்னு எழுதியிருக்கீங்க. செட்டு நீண்டுக்கிட்டே போனா ஒரே ஒரு கேம்ல முடிச்சு வைக்கற டை-பிரேக்குங்கற ஏற்பாடே பெரிய போட்டிகளுக்கு 1970லதான் வந்தது, முதல்ல யு.எஸ். ஓபன்ல, அடுத்த வருஷம் விம்பிள்டன்ல, அதுவும் 8-8 ஆனாத்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு கேம் வித்தியாசம் வர்ற வரைக்கும் ஆடிக்கிட்டே இருக்கணும். 1970 விம்பிள்டன் பெண்கள் ஃபைனல்ல மார்கரெட் கோர்ட், பில்லி ஜீன் கிங்கை ஜெயிச்ச ஸ்கோர் என்ன தெரியுமா, 14-12, 11-9. ரெண்டே செட்டு, 46 கேம், கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். மார்கரெட்டுக்கு கணுக்கால்ல வலி, ஊசி போட்டுக்கிட்டு இறங்கினாங்க, பில்லி ஜீனுக்கு முட்டி சரியில்லை. ரெண்டு பேருமே நடுவுல ஒரு தடவை கூட உக்காரல, உக்கார எதுவும் கிடையாதே. இந்த ஒரு ஸ்கோரை எடுத்து உங்க வீட்டுப் பசங்ககிட்ட காட்டுங்க, பாட்டி சொன்ன அதே 14-12.

இப்ப காசு விஷயத்துக்கு வரேன். இதுலதான் நிறைய பேருக்குப் புரியாம இருக்கு, பாட்டி "காசு வராது"ன்னு சொன்னா நாம ஏதோ அவங்க சின்ன போட்டில ஆடினதால வரலைன்னு நினைச்சுக்கறோம். அப்படி இல்ல. 1968 ஏப்ரல் வரைக்கும் விம்பிள்டன் மாதிரி பெரிய போட்டிகள்ல ஆடறவங்க பரிசுப்பணமே வாங்கக் கூடாது, வாங்கினா அமெச்சூர், அதாவது காசுக்கு ஆடாதவங்கங்கற பேர் போச்சு, விம்பிள்டன் கதவு மூடிடும். நம்ம ராமநாதன் கிருஷ்ணன் 1954ல விம்பிள்டன் ஜூனியர் ஜெயிச்சு, 1960லயும் 61லயும் அங்க செமிஃபைனல் வரைக்கும் போனவர், அவரே அமெச்சூராத்தான் ஆடினார். 1968ல இங்கிலாந்து போர்ன்மத்துல, அமெச்சூரும் காசுக்கு ஆடறவங்களும் சேந்து ஆடற முதல் ஓபன் போட்டி நடந்தப்ப பெண்கள் பட்டம் ஜெயிச்சது விர்ஜினியா வேட், பரிசு 300 பவுண்டு, அவங்க இன்னும் அமெச்சூரா இருந்ததால அந்தப் பணத்தை வாங்கல. அதே வருஷம் விம்பிள்டன்ல ஆண்கள் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750.

சரி, பணம் வர ஆரம்பிச்சதும் பெண்களுக்கு நல்லது நடந்துச்சான்னா, முதல்ல நிலைமை மோசமாத்தான் ஆச்சு. ஏன்னா போட்டி நடத்தறவங்க புதுசா வந்த பணத்தை எல்லாம் ஆண்கள் பக்கமே கொட்டினாங்க. 1970ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடந்த ஒரு போட்டியில ஆண்களுக்கு முதல் பரிசு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. எட்டுல ஒரு பங்கு கூட இல்ல. அதை எதிர்த்துத்தான் பில்லி ஜீன் கிங், ரோஸி காசல்ஸ், ஆஸ்திரேலியாவோட ஜூடி டால்டன்னு ஒன்பது பேர், கிளாடிஸ் ஹெல்ட்மேன்ங்கற பத்திரிகைக்காரம்மா ஏற்பாட்டுல, ஹூஸ்டன்ல ஒரு டாலர் காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டு தனியா போட்டி ஆடினாங்க. அமெரிக்க சங்கம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. அதுக்கெல்லாம் அசரல. அந்த ஒன்பது பேர் போட்ட பாதையிலதான் 1973ல பெண்கள் சங்கம் உருவாச்சு, அதே வருஷம் யு.எஸ். ஓபன்ல ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஒரே பரிசுன்னு ஆச்சு. விம்பிள்டன் அந்த இடத்துக்கு வர 2007 ஆயிடுச்சு. இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உங்க பாட்டி ஆடினது சரியா இதெல்லாம் நடக்கறதுக்கு முன்னாடி, நடந்துக்கிட்டிருக்கறப்ப. உலக சாம்பியனுக்கே கிடைக்காத காசு மெட்ராஸ்ல ஒரு ஸ்டேட் பிளேயருக்கு எங்கேந்து வந்திருக்கும்.

அதனால பாட்டிகிட்ட "யாரை ஜெயிச்சீங்க"ன்னு கேக்கறதை ரெண்டாவதா வச்சுக்கோங்க. முதல்ல கேக்க வேண்டியது, யார் காசு போட்டாங்க, எப்படிப் போனீங்க, எங்க தங்கினீங்க, கூட யார் வந்தாங்க. ஸ்கோர் எங்கயாவது அச்சுல இருக்கும். ஆனா டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ ரெண்டு ராத்திரி ரயில்ல போறப்ப அப்பா கூட வந்தாரா அண்ணன் வந்தாரா, யார் வீட்ல தங்க வச்சாங்க, ராக்கெட் வாங்க அம்மா எதை அடகு வச்சாங்க, காலைல கோர்ட்டு எத்தனை மணி வரைக்கும் பொண்ணுங்களுக்குக் குடுத்தாங்க, கிளப் மெம்பர் வந்து நின்னா பாதி கேம்ல எழுந்து போகணுமா, என்ன டிரஸ் போட்டு ஆடினீங்க, தெருவுல அதைப் பாத்து என்ன சொன்னாங்க, இதெல்லாம் அவங்க வாயால சொன்னாத்தான் உண்டு.

இந்தியப் பெண்கள் டென்னிஸோட கதையையும் கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு உக்காருங்க, அப்ப பாட்டி ஒரு பேரைச் சொன்னா நீங்க பிடிச்சுக்கலாம். லீலா ராவ் 1934ல விம்பிள்டன்ல ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க, அங்க ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் அவங்கதான், அவங்க அம்மா பண்டிதா க்ஷமா ராவ் சமஸ்கிருத எழுத்தாளர், அந்தம்மாவும் டென்னிஸ் ஆடினவங்க. 1952ல ரீட்டா தாவர் விம்பிள்டன் ஜூனியர் பெண்கள் ஃபைனல் வரைக்கும் போனாங்க. அப்புறம் உங்க பாட்டி காலத்துப் பேர்னா நிருபமா வசந்த், கிரிக்கெட்டர் அசோக் மன்கட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு நிருபமா மன்கட் ஆனவங்க, பல தடவை நேஷனல் சாம்பியன், 1971ல நம்ம ஆனந்த் அமிர்தராஜ் கூட விம்பிள்டன் மிக்ஸட் டபுள்ஸ் ஆடினாங்க. இவங்க கூட உங்க பாட்டி ஒரே டிராவுல, அதாவது ஒரே போட்டிப் பட்டியல்ல இருந்திருக்கவே நல்ல வாய்ப்பு இருக்கு, கேட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் கோயம்புத்தூர்ப் பொண்ணு நிருபமா வைத்தியநாதன் 1998ல ஆஸ்திரேலியன் ஓபன் மெயின் டிராவுல ஒரு சிங்கிள்ஸ் மேட்ச் ஜெயிச்சதுதான் 1968க்கு அப்புறமான ஓபன் காலத்துல ஒரு இந்தியப் பெண்ணுக்கு கிராண்ட்ஸ்லாம்ங்கற நாலு பெரிய போட்டிகள்ல கிடைச்ச முதல் சிங்கிள்ஸ் வெற்றி.

1934க்கும் 1998க்கும் நடுவுல 64 வருஷம் இருக்கு. அந்த நடுவுல நம்ம நாட்டுல ஆடத் தெரிஞ்ச பொண்ணுங்களே இல்லையான்னா, இருந்தாங்க, உங்க பாட்டி இருந்தாங்களே. வெளியில போக வழி இல்ல. 60கள்ல வெளிநாடு போகணும்னா ரிசர்வ் பேங்க் அனுமதி வேணும், கையில கொண்டு போக விடற வெளிநாட்டுப் பணம் ரொம்பக் கொஞ்சம். ஆண்களுக்காவது டேவிஸ் கப்னு ஒண்ணு இருந்துச்சு, நாடே செலவு பண்ணி அனுப்பும். பெண்களுக்கான ஃபெடரேஷன் கப் உலகத்துல 1963லயே ஆரம்பிச்சாச்சு, இந்தியா அதுல முதல் தடவை டீம் இறக்கினது 1991ல. 60கள்ல 20 வயசுல இருந்த ஒரு பொண்ணு இந்தியாவுக்காக ஃபெடரேஷன் கப் ஆடணும்னா 50 வயசை நெருங்கற வரைக்கும் காத்திருக்கணும். இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆறல. நேஷனல்ஸ்தான் அவங்களுக்கு உச்சம், அதுக்கு மேல படியே கட்டல.

ஏன் நிறுத்தினீங்கங்கற கேள்வியை எப்ப கேக்கறதுன்னு யோசிச்சுக் கேளுங்க. பெரும்பாலும் கல்யாணம், இல்லைன்னா முதல் குழந்தை. சில பேர் சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க, சில பேருக்கு 50 வருஷம் கழிச்சும் அது வலிக்கும். தாத்தா பக்கத்துல இருக்கறப்ப கேக்காதீங்க, ஃபங்ஷன்ல நாலு பேர் நடுவுல கேக்காதீங்க. குழந்தை பெத்தப்புறமும் ஆட முடியும்னு அப்ப உலகத்துலயே விரல் விட்டு எண்ற ஆளுங்கதான் காட்டினாங்க. மார்கரெட் கோர்ட் 1972ல குழந்தை பெத்துட்டு 1973ல நாலு கிராண்ட்ஸ்லாம்ல மூணை ஜெயிச்சாங்க. இவான் கூலகாங் 1980ல விம்பிள்டன் ஜெயிச்சப்ப அவங்க பொண்ணுக்கு மூணு வயசு, அவங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா அந்தப் பட்டத்தை ஜெயிச்சது 1914ல, 66 வருஷம் முன்னாடி. நம்ம சானியா மிர்சா 2018ல குழந்தை பெத்துட்டு 2020 ஜனவரியில ஹோபார்ட்ல டபுள்ஸ் பட்டத்தோட திரும்பி வந்தாங்க. இப்ப பிரசவத்துக்குப் போற பிளேயருக்கு ராங்கிங்கைக் காப்பாத்திக் குடுக்க ரூல் இருக்கு, சம்பளத்தோட லீவு கூட 2025லேந்து பெண்கள் சங்கம் குடுக்குது. உங்க பாட்டிக்கு இதுல எதுவும் கிடையாது. நாத்தனார் கல்யாணம், மாமியார் உடம்பு, குழந்தைக்கு ஜுரம், எல்லாத்தையும் பாத்துட்டு சாயங்காலம் கோர்ட்டுக்குப் போறேன்னு சொல்ல முடிஞ்ச வீடு அப்ப எத்தனை இருந்திருக்கும்.

இவான் கூலகாங் பேரைச் சொன்னதால இன்னொரு விஷயம், ஏன் சீக்கிரம் எழுதி வைக்கணும்னு நான் அவசரப்படுத்தறதுக்கு இதுதான் காரணம். அவங்க ஆஸ்திரேலியப் பழங்குடிக் குடும்பம், அப்பா ஆட்டு ரோமம் வெட்டற கூலி, பாரெலன்னு ஒரு சின்ன ஊரு, வேலிக்கு வெளியில நின்னு எட்டிப் பாத்துக்கிட்டிருந்த குழந்தையை உள்ள வா ஆடுன்னு கூப்பிட்டிருக்காங்க, 19 வயசுல விம்பிள்டன் சாம்பியன். 1976ல ரெண்டு வாரம் அவங்க உலக நம்பர் 1. ஆனா அந்த சமயத்துக் கணக்குத் தாள் காணாமப் போயிடுச்சு, அவங்க நம்பர் 1 ஆனதே அவங்களுக்குத் தெரியாது, 2007லதான் கண்டுபிடிச்சு சொன்னாங்க. 31 வருஷம். உலக நம்பர் 1 ஆன ஒருத்தங்க கணக்கே இப்படித் தொலையும்னா, ஒரு ஸ்டேட் சாம்பியன்ஷிப் செமிஃபைனல் ரெக்கார்டு எந்தச் சங்கத்து அலமாரியில பத்திரமா இருக்கும்னு நம்பறது.

இப்ப வேலைக்கு வருவோம். போன்ல ரெக்கார்டிங் போடுங்க, ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம், களைச்சுப் போயிடுவாங்க. அந்த மர ராக்கெட் பரண்ல இருந்தா எடுத்துக் கையில குடுங்க, எப்படிப் பிடிப்பீங்கன்னு கேட்டு வீடியோ எடுங்க, அந்தக் காலத்துப் பிடி இன்னிக்கு கோச்சிங்ல சொல்லித் தர்ற பிடி கிடையாது, பேச்சுல வராத விஷயம் கை சொல்லும். ஒரு வேண்டுகோள், அதுக்குப் புதுசா கட் போட்டு இழுக்கக் கடையில குடுத்துடாதீங்க, காஞ்ச மரம், இன்னிக்கு போடற டென்ஷனுக்கு விரிசல் விட்டுடும். அப்படியே வச்சிருங்க.

பேப்பர் தேடறதுன்னா ஒரு சிக்கல் இருக்கு, நிறைய பேர் இதுல மாட்டிக்கிட்டு "ஒண்ணுமே கிடைக்கல"ன்னு விட்டுடறாங்க. அந்தக் கால ரிசல்ட்டுல பொண்ணுங்க பேர் மிஸ் போட்டு இனிஷியலோட வரும், அப்பா பேர் சேர்ந்து வரும், கல்யாணத்துக்கப்புறம் மிஸஸ் போட்டு புருஷன் பேர் வரும். இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல, கிறிஸ் எவர்ட் 1981ல ஜெயிச்சதை விம்பிள்டன்ல சாம்பியன்கள் பேர் எழுதற பலகையிலயே மிஸஸ் ஜே. எம். லாய்டுன்னு புருஷன் இனிஷியலோடதான் எழுதி வச்சிருந்தாங்க, 2022லதான் அதை எல்லாம் மாத்தினாங்க. அதனால கல்யாணத்துக்கு முந்தின பேர், பிந்தின பேர், ஸ்பெல்லிங் எப்படியெல்லாம் மாறலாமோ அத்தனையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டு, போட்டி நடந்த மாசம் தோராயமா தெரிஞ்சா அந்த மாசத்து விளையாட்டுப் பக்கத்தைப் பழைய பேப்பர் பாக்க விடற லைப்ரரியில புரட்டுங்க.

எல்லாத்துக்கும் மேல, டபுள்ஸ் பார்ட்னர் யாருன்னு கேளுங்க. சிங்கிள்ஸ்ல தோத்ததை மறந்தவங்க கூட பார்ட்னரை மறக்க மாட்டாங்க, எந்தப் பக்கம் நின்னாங்க, யார் லாப் விட்டா யார் கத்துவாங்க வரைக்கும் சொல்லுவாங்க. அந்தம்மா எந்த ஊர்ல இருக்காங்கன்னு பழைய கிளப், காலேஜ் முன்னாள் மாணவிகள் மூலமா விசாரிங்க, இருந்தாங்கன்னா போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சு ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிட்டு, ரெண்டு பேரையும் பேச விட்டுட்டு நீங்க நடுவுல வாயைத் திறக்காதீங்க, அவங்க ஒருத்தருக்கொருத்தர் "அது 67 இல்லடி, 68"னு திருத்திக்கறதுலேயே உங்களுக்கு வேண்டிய வருஷம், ஊரு, ஸ்கோர் எல்லாம் வந்துடும்.